காது கேளாத நாயும் பாவடித் தெருத் தலையணைகளும்

காவிரிக்கு அந்தக் கரையில் ஈரோடு, இந்தக் கரையில் தறி என்று சொல்லிவிட்டால் போதும், பாவடித் தெருவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதுவே கொண்டுவந்து விட்டுவிடும். வீட்டுக்கு வீடு விசைத்தறி, தறிக்குத் தறி குறுக்கு நூலை இழுத்தோடும் நாடா, அந்த நாடா நெடுக்கே கட்டிய பாவு நூலின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடி ஓடி முட்டிக்கொள்ளும் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் காது குத்தி, அந்தச் சத்தத்திலேயே கல்யாணமும் முடித்து, கரண்ட் போனால் மட்டும் திடுக்கிட்டு எழுந்து உட்காரும் ஜனங்கள் அவர்கள். தறிக்கூடத்துக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரிக்குக் கேட்காது என்பதால் அங்கே வாய்க்கு வேலை குறைவு, கைக்குத்தான் அதிகம். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால் நூல் அறுந்தது, கட்டைவிரலை உதட்டில் சாய்த்தால் டீ, மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். ஆளுக்கொரு வாய்ப்பேர் இருப்பதுபோல ஆளுக்கொரு கைப்பேரும் உண்டு. கல்யாண மண்டபத்தில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை வீட்டுச் சாம்பாரைக் கையாலேயே கிழிகிழியென்று கிழிப்பார்கள். அசலூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, பாவம், இந்தப் பக்கம் கொசு அதிகம்போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தெருவில் மயிலாத்தாள் என்றொருத்தி இருந்தாள். மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினால் அது அவள். வயிற்றைத் தடவிக் காட்டினால் அது அவள் புருஷன் செங்கோடன். மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஓர் அறையும் அடுப்புக்கு ஓர் ஒண்டலும் உள்ள லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு, எதிரே சென்னியப்பன் முதலாளியின் தறிக்கூடத்தில் இருவரும் துண்டுத் தறி ஓட்டினார்கள். மயிலாத்தாளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது, அதற்குக் கூலி கிடையாது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பர்வீன், லாரியில் அடிபட்ட பூனை, கால் ஒடிந்த ஆட்டுக்குட்டி, யாரோ சாக்கில் கட்டி வாய்க்காலில் விட்ட நாய்க்குட்டி என்று எது வந்தாலும், கட்டுப் போட்டு மருந்து கொடுத்து நேரே அவளிடம் கொண்டுவந்து விடுவாள். மயிலாத்தாள் அதைத் தேற்றுவாள். நல்ல வீடு ஒன்று அமைந்ததும், குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அனுப்பிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு, எதற்கும் பேர் வைக்க மாட்டாள்.

“பேர் வெச்சா பாசம் வந்துரும், பாசம் வந்தா குடுக்க மனசு வராது, குடுக்காட்டி அடுத்து வர்றதுக்கு எடமிருக்காது” என்பாள். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பாசம் என்னவோ பேருக்காக வாசலில் காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

அப்படியிருக்க ஒரு சித்திரை மாதம் டாக்டர் பர்வீன் தன் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு நாயை நிறுத்திக்கொண்டு வந்து இறங்கினாள். காப்பிப்பொடி நிறம், மார்பில் வெள்ளை, வலது காது நிமிர்ந்தும் இடது காது பாதியில் மடிந்தும், யாரைப் பார்த்தாலும் முகத்தையே உற்றுப் பார்க்கிற நாய்.

“பைபாஸ் ரோட்டுக்கு நடுவுல நின்னுட்டு இருந்ததுக்கா. பின்னால லாரி ஆரன் அடிக்கிறான் அடிக்கிறான், திரும்பியே பாக்கல. பொறவுதான் தெரிஞ்சது, பொறவியிலயே காது கேக்காது. எத்தனையோ பேரு வந்து பாத்தாங்க. அழகா இருக்குதுன்னு தூக்கிக் கொஞ்சுவாங்க, காது கேக்காதுன்னு சொன்னதும் எறக்கி உட்டுட்டுப் போயிருவாங்க.”

“கேக்காட்டி என்ன கண்ணு? எங்க தெருவுல ஆருக்குத்தான் நல்லாக் கேக்குது?” என்றாள் மயிலாத்தாள். “ஊடு கெடைக்கற வரைக்கும் நான் வெச்சிருக்கறன். கெடச்சதும் மறுபேச்சு இல்லாம குடுத்தர்றன். இது என்ற வாக்கு.”

பாவடித் தெருவுக்கு வந்த மற்ற நாய்களெல்லாம் முதல் வாரம் தறிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டு மூத்திரம் பெய்யும். இது வந்த அன்றைக்கே தறிக்கூடத்துக்குள் ராஜநடை நடந்து போய், மயிலாத்தாளின் தறிக்கடியில் பஞ்சுத்தூசி மெத்தைமேல் சுருண்டு படுத்துத் தூங்கியது. அவளும் அதற்கென்று எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்துத் தறிக்காரியிடம் பேசுவதுபோலவே அதனிடமும் பேசினாள். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் உட்கார், விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சோறு, இரண்டு கையையும் தட்டி உதறினால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆள்காட்டி விரலை மடக்கி நெற்றியோரம் வைத்தால் இங்கே பார். மற்ற நாய்களுக்குச் சத்தத்தில் பாதி பேச்சு போய்விடும், இதற்கு ஒன்றும் போகவில்லை. தறிக்கூடத்து மொழியைப் பிறவியிலேயே படித்துவிட்டு வந்ததுபோல அது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது.

செங்கோடன் அப்படியில்லை. அவன் தறிக்கூடத்தில் பேச முடியாமல் போனதையெல்லாம் வீட்டுக்கு வந்து பேசித் தீர்க்கிற ஆள். காது கேட்காது என்று தெரிந்தும் அவன் நாயை “மாப்பிளே, மாப்பிளே” என்று விடாமல் கூப்பிட்டான். ஒரு நாள் காலையில் மயிலாத்தாள் தரையைத் துடைத்துவிட்டு நிமிர, அவன் “மாப்பிளே, வாடா, ஆளுக்குப் பாதி பன்னு” என்று சொல்ல, சொன்ன சொல் நாயின் மடிந்த காதுவரை போய், அங்கே கதவு சாத்தியிருக்கவும் தயங்கி நின்று, ஒரு கொத்து வெள்ளைப் பஞ்சாகித் தரையில் விழுந்தது.

“பஞ்சைக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள கொட்டாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?” என்றாள் மயிலாத்தாள்.

“நான் எங்க கொட்டுனன்? பேசுனன்.”

“எங்க, இன்னொருக்காப் பேசுங்க.”

“மாப்பிளே” என்றான் செங்கோடன். இன்னொரு கொத்து விழுந்தது. மயிலாத்தாள் குனிந்து எடுத்துப் பார்த்தாள். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் துணி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

“செரி, அப்பப் பேச்சைக் கொறைங்க. கூட்டறது நானு” என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. காதில் விழாத சொல் வேறெங்கே போகும், தரையில்தான் விழும் என்றார்கள். வாழ்நாள் முழுக்கப் பஞ்சுக்கும் நூலுக்கும் நடுவில் கிடந்தவர்கள், ஆகையால் சொல் ஏன் பஞ்சாகிறது என்பதைவிட என்ன ரகப் பஞ்சு என்பதில்தான் அவர்களுக்குச் சண்டை வந்தது. மனிதருக்கு மனிதர் பேசுவது விழவில்லை, நாயைப் பார்த்துச் சொல்வது மட்டும்தான் விழுந்தது. கொஞ்சிச் சொன்னால் இலவம்பஞ்சு மாதிரி பளபளவென்று விழும்; அதட்டிச் சொன்னால் மில் கழிவு மாதிரி கறுத்து முடிச்சு முடிச்சாக விழும்; பொய் சொன்னால் விழும்போது நிறைய விழும், அள்ளிக் கையை மூடித் திறந்தால் ஒன்றும் இருக்காது. இந்தக் கடைசி விஷயம் தேர்தல் சமயத்தில்தான் தெரிந்தது. ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளர், தெருவாசிகள் நாய்மேல் பிரியமாக இருப்பதைப் பார்த்து நாய்க்கும் ஒரு பேச்சுப் பேசினார். இடுப்பளவு பஞ்சு குவிந்தது. சாக்கைக் கொண்டுவந்து அமுக்கி வாயைக் கட்டுவதற்குள் சாக்கு தட்டையாகிவிட்டது.

முதல் தலையணை தைத்தவள் கடைசி வீட்டுத் தையல்காரி ருக்மணி. குழந்தைகள் நாயிடம் பேசிப் பேசி விழுந்த பஞ்சை முறத்தில் அள்ளிக்கொண்டு போய், மீந்த துண்டுத் துணியில் உறை தைத்து அடைத்து, வள்ளிநாயகிக்குக் கொடுத்தாள். வள்ளிநாயகி நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றுகிறவள், புருஷன் போனதிலிருந்து சரியாகத் தூங்காதவள். அன்றைக்குப் படுத்தவள் மறுநாள் வெயில் காலைச் சுடும்வரை எழுந்திருக்கவில்லை. தலையணை பேசியதா என்று கேட்டதற்கு, ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆனால் யாரோ பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நம்மைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது என்றாள். அவ்வளவுதான், தெருவில் ஒரு பழைய தலையணை மிஞ்சவில்லை.

சென்னியப்பன் முதலாளி கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நேராகவே பார்த்துக்கொண்டு நடந்ததும் அந்தச் சமயத்தில்தான். பாவில் வாய் வைக்கப் போகிறது என்று அவர் தினமும் நாயை ‘எட்டப் போ சனியனே’ என்று விரட்டுவார். அவர் சம்சாரம் எதையும் வீணாக்காதவள், விழுந்த கறுப்புப் பஞ்சையெல்லாம் சேர்த்து அவர் தலையணையிலேயே அடைத்துவிட்டாள். தன் வாய்மேல் தானே படுத்து எழுந்த மனிதர், எட்டாம் நாள் தறிக்கூடத்துக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து ‘கண்ணு’ என்று சொல்லிப் பழகினார். பழக்கம் வர வரத் தறிக்காரர்களுக்கும் அந்தக் கனிவில் கொஞ்சம் கிடைத்தது. பிறகொரு நாள், இத்தனை வருஷமாகச் சம்சாரத்திடம் சொல்ல வாய் வராத ஏதோ ஒன்றை நாயிடம் சொல்லி, விழுந்ததைச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஒன்றும் பேசாமல் அந்த அம்மாளின் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். அந்த அம்மாள் மறுநாள் தெருவில் எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தாள். எதற்கு என்று கேட்டால் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

அப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பாவடித் தெருப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், முகூர்த்தக்கால் நடுவதற்கு முன்னால் சொந்தபந்தமெல்லாம் நாயின் முன்னால் வரிசையாக நின்று பெண்ணை நினைத்து ஆளுக்கொரு நல்ல சொல் சொல்லி, அந்தப் பஞ்சில் தைத்த தலையணையைச் சீரோடு சேர்த்து அனுப்பினார்கள். காது கேட்காத நாய்க்கு எந்தப் பேராக இருந்தால் என்ன என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்த பேர் வைத்தார்கள். ஒருவருக்கு ராஜா, ஒருவருக்கு முறுக்கு, ஒருவருக்குச் சின்னையன், செங்கோடனுக்கு மாப்பிளை. அத்தனை பேர்களும் காதருகே போய் முட்டிக் கீழே பஞ்சாக விழுந்தன. நாயோ பேசுகிறவர்கள் முகத்தை மரியாதைக்குக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கையில் ஏதாவது வருமா என்று பார்த்துவிட்டு, வராது என்று தெரிந்ததும் கொட்டாவி விடும்.

மயிலாத்தாள் ஒருத்தியின் சொல் மட்டும் பஞ்சாக விழவேயில்லை, ஏனென்றால் அவள் அதனிடம் வாயைத் திறந்ததேயில்லை. எல்லாம் கைதான். தெருவுக்கு அதில் ஒரு குறை இருந்தது.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா எப்பிடிப் பஞ்சு உழுகும்! தலையில வெச்சா ஏழு சென்மத்துக்குத் தூக்கம் வரும்” என்று ருக்மணி கெஞ்சுவாள். அந்த முதல் சொல்லுக்கென்றே பச்சைக்கரை போட்ட ஓர் உறையைத் தனியாகத் தைத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

“அதுக்குக் கேக்காதத நான் எதுக்குச் சொல்றது? நாளைக்கு வேற ஊட்டுக்குத் தாட்டி உடப்போற சீவன்கிட்ட என்ன பேச்சு?” என்பாள் மயிலாத்தாள். சொல்லும்போதே கை கீழே போய் மடிந்த காதைத் தடவிக்கொண்டிருக்கும்.

பஞ்சு விழுகிற செய்தி ஆற்றைத் தாண்டியதும், யாருக்கும் வேண்டாத நாய் எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. ஈரோட்டிலிருந்து ஒரு மெத்தைக்கடைக்காரர் டெம்போவோடு வந்தார். ஒரு சாமியார் சிஷ்யர்களோடு வந்தார். இன்னொருவர் நாய்க்கு ஏ.சி. அறை கட்டி வைத்திருப்பதாகப் போட்டோ காட்டினார். மயிலாத்தாள் ஒருவரையும் திட்டவில்லை, உட்காரவைத்து டீ கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நாளைக்கு இந்தப் பஞ்சு நின்னுபோச்சுன்னா, அப்பவும் நாய வெச்சுக்குவீங்களாங்?”

மெத்தைக்கடைக்காரருக்கு டீ புரையேறியது. சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அப்படிப் போனவர்களை எண்ணி மயிலாத்தாளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வாக்கும் தவறவில்லை, நாயும் போகவில்லை. இப்படியே காலம் ஓடிவிடும் என்று நினைத்தாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தபோது டாக்டர் பர்வீன் ஒரு புருஷன் பெஞ்சாதியை அழைத்துவந்தாள். கோபிப் பக்கம் தோப்புவீடு. அவர் பேர் ஜெயப்பிரகாஷ், அந்தம்மா அருள்மொழி, பள்ளிக்கூடத்து டீச்சர். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள், நாய் வந்து மோந்து பார்க்கும்வரை கை நீட்டாமல் பொறுத்திருந்தார்கள்.

“எங்ககிட்ட ஒரு நாய் இருந்துதுங்க. வயசாகிக் கடைசிக் காலத்துல அதுக்குச் சுத்தமாக் காது கேக்கல. பின்னாலருந்து தொடக்கூடாது, காலால தரையத் தட்டித்தான் எழுப்போணும், அதெல்லாம் எங்களுக்குப் பழக்கந்தான்” என்றாள் அருள்மொழி.

மயிலாத்தாள் தன் கேள்வியைக் கேட்டாள். “பஞ்சு நின்னுபோச்சுன்னாலும் வெச்சுக்குவீங்களாங்?”

“என்ன பஞ்சுங்க?” என்றாள் அருள்மொழி.

இவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதுவரைக்கும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது நாய்க்காகவா, தனக்காகவா என்று அப்போதுதான் மயிலாத்தாளுக்கே சந்தேகம் வந்தது. “வர்ற வாரம் தறி லீவு அன்னிக்கு வாங்க, குளிப்பாட்டி வெச்சிருக்கறன்” என்றாள்.

அந்த வாரம் தெரு ஒரு துக்கவீடு மாதிரி இருந்தது, ஆனால் யாரும் அவளைத் தடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவளிடம் போய் வாக்கை மீறு என்று சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. ஒவ்வொருவராக வந்து நாயிடம் கடைசியாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள், வாசலில் பஞ்சு முழங்கால்வரை சேர்ந்தது. செங்கோடன் மட்டும் பேசுவதையே நிறுத்திவிட்டான். வீட்டுக்குள் பஞ்சு விழாத நாள்களில் மயிலாத்தாளுக்குப் பெருக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் கை நமநமவென்றிருந்தது.

“ஏனுங், ஏதாச்சும் பேசுங்களே” என்றாள்.

“என்னத்தப் பேசறது?”

“அங்க தோப்பு இருக்குதுங்க, காத்து இருக்குது, ஓடறதுக்கு எடம் இருக்குது. இங்க என்ன இருக்குது? ஒரு ரூமு, நாள் முச்சூடும் தறிச் சத்தம்.”

“அதுக்குத்தான் சத்தமே கேக்காதே அம்மிணி.”

பதில் இல்லாத மனைவிமார் செய்வதைத்தான் அவளும் செய்தாள், சட்டையை ஏன் ஆணியில் மாட்டவில்லை என்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

தறி லீவு வந்தது. எல்லாத் தறியும் நின்றிருந்ததால் தெருவே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி கிடந்தது. குழாய்ச் சொட்டு கேட்டது, காக்கை கேட்டது, ருக்மணி மூக்கை உறிஞ்சுவதும் எல்லோருக்கும் கேட்டது. மயிலாத்தாள் நாயைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, அது தின்னும் தட்டைக் கழுவிப் பையில் போட்டு வாசலில் நின்றாள். கார் வந்தது. டாக்டர் பர்வீனும் ஸ்கூட்டரில் வந்தாள். நாயின் கயிறு ஜெயப்பிரகாஷின் கைக்கு மாறியது. அவர் அதை மெதுவாகக் கார்வரை நடத்திப் போனார். அது நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தது, ஆனால் போனது. வருகிறவர்களை நம்பும் நாய் அது. ருக்மணி பச்சைக்கரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள், போகும்போதாவது இந்தப் பொம்பளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று.

கார் கதவைத் திறந்தபிறகு அருள்மொழிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. “அக்கா, பேரு என்னங்க வெச்சிருக்கீங்க?”

“பேரெல்லாம் வெக்கலீங்” என்றாள் மயிலாத்தாள்.

வாய்தான் அப்படிச் சொன்னது. வாய் சொல்லச் சொல்லவே, வருஷக்கணக்காகப் பேச்சோடு பேச்சாக எழும்பிப் பழகிய கை, தானாக எழும்பி, ஆள்காட்டி விரலை மடக்கி நெற்றியோரம் வைத்துக் காட்டியது. காருக்குள் ஒரு காலை வைத்துவிட்ட நாய் அந்தக் காலை எடுத்துக்கொண்டு, கயிற்றையும் ஜெயப்பிரகாஷையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

“நான் எதுக்குமே பேர் வெக்கறதில்லீங்” என்றாள் அவள். விரல் மறுபடியும் நெற்றிக்குப் போனது. நாய் எழுந்து முன்னங்கால்களை அவள் இடுப்பில் வைத்தது.

வள்ளிநாயகிதான் முதலில் சிரித்தாள். “அக்கா, வாய் சொல்றது இருக்கட்டும். உங்க கை என்ன சொல்லுதுன்னு பாருங்க.”

“அது, இங்க பாருன்னு சொல்றது.”

“இங்க பாருன்னா நாம இப்பிடித்தான காட்டுவோம்?” வள்ளிநாயகி இரண்டு விரலைக் கண்ணருகே வைத்துக் காட்டினாள். “நீங்க காட்டறது அவன் காது. மடிஞ்ச காது. வந்த அன்னைக்கே வெச்சுட்டீங்க. எங்களுக்கெல்லாம் தெரியும், உங்களுக்குத்தான் தெரியல.”

மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் வள்ளிநாயகி விரலை மடக்கி நெற்றியோரம் வைத்திருந்தாள். ருக்மணி வைத்திருந்தாள். குழந்தைகள் வைத்திருந்தார்கள், சென்னியப்பன் முதலாளி வைத்திருந்தார், அவர் சம்சாரம் வைத்திருந்தாள், வீட்டுக்குள்ளிருந்து சட்டை போடாமல் ஓடிவந்த செங்கோடனும் வைத்திருந்தான். பஞ்சு வேண்டும்போது வாயால் எத்தனையோ பேர்களைச் சொன்னார்களே தவிர, நாய் வேண்டும்போது அத்தனை பேரும் இந்த ஒரு பேரைத்தான் சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் பேராக இருந்ததில் நாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருவரிடமும் ஓடியது, நடுவில் நின்று தன் வாலைத் தானே துரத்திச் சுற்றியது, சுற்றி முடித்து மயிலாத்தாளின் காலிலேயே வந்து விழுந்தது.

அருள்மொழியும் தன் விரலை மடக்கி நெற்றியில் வைத்துப் பார்த்தாள். நாய் அவளைப் பார்த்து மரியாதையாக ஒருமுறை வாலை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை.

“ஊரே சேர்ந்து பேசற பாஷைய, தோப்புக்குள்ள நாங்க ரெண்டே பேரு எப்பிடிங்க பேசறது?” என்றாள் அருள்மொழி. குரலில் வருத்தம் இருந்தது, அதைவிடச் சிரிப்பு அதிகம் இருந்தது. கயிற்றைப் புருஷன் கையிலிருந்து வாங்கி மயிலாத்தாளிடம் நீட்டினாள்.

மயிலாத்தாள் வாங்கவில்லை. “வாக்குக் குடுத்துட்டனுங்” என்றாள். கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது. “டாக்டரம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டன். ஊடு கெடைக்கற வரைக்கும்தான்னு சொல்லீட்டன்.”

“ஆமாங்க்கா, அப்பிடித்தான் சொன்னீங்க” என்றாள் டாக்டர் பர்வீன். “அதான் கெடச்சிருச்சில்ல.”

அதைக் கேட்டு மயிலாத்தாள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் மண்ணில் மண்டியிட்டு, ஈரம் காயாத நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்து அதன் முகத்தைப் பார்த்து, இத்தனை நாளும் திறக்காத வாயைத் திறந்தாள். ருக்மணி பச்சைக்கரை உறையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு கிட்டத்தில் ஓடிவந்தாள்.

“எங்கயும் போகாத கண்ணு” என்றாள் மயிலாத்தாள். “நீ எங்கூட்டுப் பையன்.”

வாய் சொன்னதை அவள் கையும் கூடவே சொல்லிற்று. தெருவே குனிந்து தரையைப் பார்த்தது. செம்மண்ணில் நாயின் ஈரக்காலடி இருந்தது, மயிலாத்தாளின் முழங்கால் தடம் இருந்தது, வேறொன்றும் இல்லை. ருக்மணி நாயின் வயிற்றுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தாள். ஒரு திரி பஞ்சுகூட விழவில்லை.

“எங்கக்கா போச்சு, சொன்னது?” என்றாள் ருக்மணி.

கையிலிருந்து அதை வாங்கிக்கொண்ட நாய் மயிலாத்தாளின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

அருள்மொழியும் ஜெயப்பிரகாஷும் அன்றைக்கு வெறுங்கையோடு போகவில்லை. ஓயாமல் குரைக்கிறது என்று யாரும் எடுக்காத ஒரு குட்டி மாட்டாஸ்பத்திரியில் இருந்தது. எங்கள் வீடு ரொம்பத்தான் அமைதி, ஒருவன் குரைத்தால் நல்லதுதான் என்று அதைக் கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே மயிலாத்தாளின் வீட்டுக்கு ஒரு நொண்டிப் பூனை வந்தது. இடமிருக்காது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஓர் அறையில் அதற்கும் இடமிருந்தது. தெருவில் தலையணைகள் இன்றைக்கும் தைக்கிறார்கள், செங்கோடன் ஒருவன் பேசினாலே பத்துக் கல்யாணத்துக்குக் காணும். ஆனால் பச்சைக்கரை உறையை மட்டும் ருக்மணி எதையும் அடைக்காமல் மயிலாத்தாளிடம் கொடுத்துவிட்டாள். காலியான அந்த உறையை அவள் தன் தறிக்கடியில் விரித்துப்போட, மடிந்த காது அதன்மேல் சுருண்டு படுத்துக்கொண்டது, தறி ஓடத் தொடங்கியது.